கிட்டிக் கொடுமையை லண்டனுக்குக் கொண்டு போனவர்

கிட்டி என்றதும் பிள்ளைகளுக்குக் கிட்டிப்புள் ஞாபகம் வரும். சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பெயரைக் கேட்டால், குடியானவனின் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

அந்தக் கிட்டி விளையாட்டுச் சாமான் அல்ல. இரண்டு மரக்கட்டைகள். ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருக்கும். எலுமிச்சம்பழம் பிழியும் கட்டையைப் போல இருக்கும். அதன் நடுவே ஒருவனுடைய விரல்களை வைத்து, மறுமுனையை அழுத்துவார்கள். பணம் தருகிறேன் என்று அவன் அலறும் வரை அழுத்துவார்கள்.

அவன் என்ன குற்றம் செய்தான்? திருடினானா? கொலை செய்தானா? இல்லை. நிலவரி பாக்கி வைத்திருந்தான். அவ்வளவுதான்.

இது ஊருக்குத் தெரியும். பக்கத்து ஊருக்கும் தெரியும். தாலுக்கா கச்சேரிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் சர்க்கார் காகிதத்தில் மட்டும் இல்லை. காகிதத்தில் இல்லாததால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று பெரிய அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரகசியத்தைக் காகிதத்தில் ஏற்றியவர்களில் முதல்வர், சென்னைப் பட்டணத்து வியாபாரி ஒருவர். அவர் பெயர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

நீல வியாபாரி மகன்

காஜுலு என்றால் தெலுங்கில் வளையல் என்று பொருள். அது குடும்பப் பெயர். லட்சுமிநரசு 1806-ல் சென்னையில் பிறந்தார். தகப்பனார் சித்துலு செட்டியார், பெரிய வியாபாரி. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயமும், கைக்குட்டைத் துணியும் அவருடைய சரக்குகள். சென்னைக் கைக்குட்டைக்குக் கடல் கடந்த நாடுகளில் நல்ல கிராக்கி இருந்த காலம் அது.

மகனும் தகப்பனாரின் தொழிலுக்கே வந்தார். பணம் சேர்ந்தது. வீடு, வாசல், வண்டி, மரியாதை எல்லாம் இருந்தன. அவரைப் போன்ற மற்ற வியாபாரிகள் கோயிலுக்குத் தர்மம் செய்தார்கள், சத்திரம் கட்டினார்கள், வெள்ளைக்கார துரைகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிட்டார்கள். லட்சுமிநரசுவும் அப்படியே இருந்திருந்தால் சுகமாக வாழ்ந்து முடித்திருப்பார். நாமும் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

அவருக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் இருந்தது. பொது விஷயங்களைப் பேசும் பழக்கமும் இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

இங்கிலீஷில் ஒரு பத்திரிகை

அப்போது நாட்டை ஆண்டது இங்கிலாந்து அரசாங்கம்கூட அல்ல, ஒரு கம்பெனி! கிழக்கிந்தியக் கம்பெனி. ஒரிசாவின் கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை சென்னை மாகாணம் பரந்து கிடந்தது. கோட்டையில் கவர்னர். ஜில்லாவுக்கு ஒரு கலெக்டர். அவர்களுக்கு மேலே, லண்டனில் கம்பெனி டைரக்டர்கள். அதற்கும் மேலே பார்லிமெண்டு. குடியானவனின் குரல் கலெக்டர் பங்களா வாசலைத் தாண்டினாலே அதிசயம். அது கடல் தாண்டுவது எப்படி?

1844-ம் ஆண்டு அக்டோபர் மாதம் லட்சுமிநரசு ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் கிரசென்ட். பிறை என்று பொருள். எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக வைத்தார். பத்திரிகை இங்கிலீஷில் வந்தது.

நம் ஜனங்களுக்காக நடத்தும் பத்திரிகையை இங்கிலீஷில் எதற்கு நடத்த வேண்டும் என்று தோன்றும். காரணம் எளிது. ஊரில் நடப்பது ஊராருக்குத் தெரியும். தெரியாதவர்கள், அல்லது தெரியாதது போல இருந்தவர்கள், கோட்டையிலும் லண்டனிலும் இருந்தார்கள். அவர்கள் படிக்கும் பாஷையில் எழுதினால்தான் அவர்களுக்கு உறைக்கும்.

உறைத்தது! பத்திரிகையின் விளம்பரத்தைச் சர்க்கார் கெஜட்டில் போட மறுத்துவிட்டார்கள். மற்ற விளம்பரங்கள் வரும் கெஜட்டில் இதற்கு மட்டும் இடம் இல்லை. லட்சுமிநரசு அசரவில்லை. கைப்பணத்தைப் போட்டு நடத்தினார்.

1846-ல் முதல் பெரிய மோதல் வந்தது. கவர்னர் ட்வீடேல் பிரபு, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பைபிளையும் பாடமாக வைக்கலாம் என்றார். பெற்றோர்கள் கலங்கினார்கள். லட்சுமிநரசு அக்டோபர் மாதம் சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டினார். மனு எழுதிக் கையெழுத்து வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். கவர்னரின் யோசனையை டைரக்டர்கள் ஏற்கவில்லை. கோட்டையில் இருக்கும் கவர்னரின் முடிவைக்கூட ஒரு மனு தடுக்க முடியும் என்பதைச் சென்னை ஜனங்கள் கண்ணால் கண்டார்கள்.

அவர் செய்தது எல்லாம் இன்றைய நமக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மதம் மாறியவருக்கும் பிதிரார்ஜித சொத்தில் பங்கு உண்டு என்ற சட்டத்தை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்த்தார்கள். அந்தச் சட்டம் 1850-ல் நிறைவேறியது. அதில் நியாயம் சட்டத்தின் பக்கமே இருந்தது. செட்டியார் அவர் காலத்து மனிதர்.

வேலியே பயிரை மேய்ந்தது

இனி கிராமத்துக்குப் போவோம். இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தென்னாட்டின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை இருந்தது. ஜமீன்தார் நடுவில் இல்லை. ஒவ்வொரு குடியானவனும் நேரே சர்க்காருக்கு வரி கட்ட வேண்டும். நெல்லாகக் கொடுத்தால் போதாது. ரொக்கமாகக் கட்ட வேண்டும். கிஸ்தி தேதி வரும். நெல் விலை விழுந்து கிடக்கும். அல்லது கதிர் இன்னும் வயலிலேயே நிற்கும். கடன் கொடுப்பவன் வட்டியை ஏற்றுவான். குடியானவன் எங்கே போவான்?

வசூலுக்கு வருகிறவர் தாசில்தார். அவருக்குக் கீழே சேவகர்கள். சேவகனுக்குச் சம்பளம் சொற்பம். சர்க்கார் கிஸ்தியோடு தன் மாமூலையும் சேர்த்துக் கேட்பான். மறுத்தால்?

வெயிலில் நிற்க வைப்பார்கள். சாப்பிடப் போக விடமாட்டார்கள். மாட்டைக் கட்டிப் போட்டு மேய்ச்சலுக்கு விடமாட்டார்கள். முழங்காலுக்குப் பின்னால் செங்கல் துண்டை வைத்துக் குந்த வைப்பார்கள். பாக்கிக்காரர்கள் இரண்டு பேரின் குடுமியை ஒன்றாக முடிந்து நிறுத்துவார்கள். கழுதை வாலில், எருமை வாலில் ஒருவனுடைய தலைமயிரைக் கட்டுவதும் உண்டு. அண்ணாந்தாள் பூட்டுவது என்று ஒன்று இருந்தது. கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்த நிலையிலேயே வைத்திருப்பார்கள். முதுகில் கல்லை ஏற்றுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கிட்டி. இன்னும் சில இருக்கின்றன. குடும்பத்தோடு படிக்கும் இந்தப் பக்கத்தில் அவற்றை எழுத முடியாது.

சரி, போலீசில் புகார் செய்யலாமே?

அங்கேதான் வேடிக்கை. 1816-ல் செய்த ஏற்பாட்டின்படி தாலுக்காவில் போலீசுக்குத் தலைவரும் தாசில்தாரே! வரி வசூலிப்பவர் அவர். திருடனைப் பிடிப்பவர் அவர். அவருடைய ஆள் உன்னை அடித்தால், நீ புகார் சொல்ல வேண்டியதும் அவரிடமே. அதற்கு மேலே போனால் கலெக்டர். அவரே மாஜிஸ்திரேட்டும். அவருக்கும் வருஷக் கடைசியில் வசூல் கணக்குக் காட்ட வேண்டும். வேலியே பயிரை மேய்ந்தது. பயிர் யாரிடம் முறையிடும்?

இருபது ஆண்டுக்கு ஒரு வாசல்

கம்பெனி இந்தியாவை ஆள்வதற்குப் பார்லிமெண்டு ஓர் அனுமதிச் சாசனம் கொடுத்திருந்தது. இருபது ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். 1793, 1813, 1833. அடுத்தது 1853. கம்பெனியின் ஆட்சி நல்லதா கெட்டதா என்று லண்டனில் பேசும் நேரம் அது ஒன்றுதான்.

அந்த நேரத்துக்கு முன்னதாக, 1852-ல், லட்சுமிநரசுவும் நண்பர்களும் ஒரு சங்கம் அமைத்தார்கள். சென்னை சுதேசிகள் சங்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். முதலில் கல்கத்தாவில் இருந்த சங்கத்தின் கிளையாக இருந்தது. சில மாதங்களிலேயே தனிச் சங்கமாகிவிட்டது.

சங்கம் பார்லிமெண்டுக்கு நீண்ட மனு ஒன்றை எழுதியது. வரிச் சுமை, கோர்ட்டுகளில் தாமதம், ஏரி கால்வாய்களைக் கவனியாமல் விட்டது, ரோடும் பாலமும் இல்லாதது, பள்ளிக்கூடம் போதாதது எல்லாம் அதில் இருந்தன. வரி வசூலில் நடக்கும் சித்திரவதையும் இருந்தது.

மனு லண்டன் போயிற்று. 1853-ல் சாசனத்தையும் புதுப்பித்துவிட்டார்கள். கேட்டவை பெரும்பாலும் கிடைக்கவில்லை. மனு எழுதியவர்கள் இதோடு சோர்ந்து போயிருக்கலாம். எத்தனையோ சங்கங்கள் ஒரே மனுவோடு படுத்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

லட்சுமிநரசு படுக்கவில்லை. காகிதத்தில் எழுதினால் நம்ப மறுக்கிறார்கள், நேரில் பார்த்தால்?

ஒரு விருந்தாளி

அதே ஆண்டில் லண்டனில் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்ற ஒன்று தோன்றியிருந்தது. ஜான் பிரைட் போன்ற பார்லிமெண்டு மெம்பர்கள் அதில் இருந்தார்கள். அதன் தலைவர் டான்பி சீமோர். அவரும் மெம்பர். 1853-ம் ஆண்டின் பிற்பகுதியில் சீமோர் சென்னைக்கு வந்தார்.

லட்சுமிநரசு அவரைப் பிடித்துக்கொண்டார். கோட்டையிலும் விருந்துகளிலும் பார்த்துவிட்டுத் திரும்பும் பிரமுகராக அவரை விடவில்லை. மாகாணத்தின் உட்பகுதிகளுக்குத் தாமே கூட்டிக்கொண்டு போனார். குடியானவர்கள் தங்கள் கஷ்டத்தைத் தங்கள் வாயால் சொன்னார்கள்.

சீமோர் லண்டன் திரும்பினார். 1854-ம் ஆண்டு ஜூலை மாதம் பார்லிமெண்டில் சென்னை மாகாணத்து நில விவகாரம் பேச்சுக்கு வந்தது. பிளாக்கெட் என்ற மெம்பர் தீர்மானம் கொண்டு வந்தார். சீமோர் எழுந்து, சென்னையில் வரி வசூலுக்காகச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பேசினார். கம்பெனிக்கு வேண்டியவர்களால் அதை நம்ப முடியவில்லை. பிரிட்டிஷ் கொடியின் கீழா இப்படி என்று கேட்டார்கள். மறுத்தவர்களால் விஷயத்தை மூடவும் முடியவில்லை. விசாரிக்கச் சொல்லி உத்தரவு பிறந்தது.

மூன்று பேர் கமிஷன்

1854 செப்டம்பரில் சென்னை சர்க்கார் கமிஷன் அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். மூவரும் வெள்ளைக்காரர்கள். எலியட் சென்னை நகரின் மாஜிஸ்திரேட். ஸ்டோக்ஸ் சிவில் உத்தியோகஸ்தர். நார்ட்டன் வக்கீல்; மாகாண நிர்வாகத்தைக் குறை கூறி அதே ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டவர்.

இந்த மூவரிடமிருந்து என்ன நியாயம் வரும் என்று சந்தேகப்படத் தோன்றும். சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. முதலில் வரி வசூல் கொடுமையை மட்டும் விசாரிக்கச் சொன்னார்கள். பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கப் போலீஸ் செய்யும் கொடுமையும் சேர்ந்தது.

கொடுமைக்கு ஆளானவர்கள் வரலாம், அல்லது எழுதி அனுப்பலாம் என்று ஜில்லாக்களில் அறிவிப்பு வந்தது. கொடுத்த அவகாசம் சில மாதங்கள்தான்.

இதை யோசித்துப் பாருங்கள். கமிஷன் இருந்தது சென்னையில். ரயில் கிடையாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே 1856 ஜூலையில்தான். எழுதப் படிக்கத் தெரிந்த குடியானவர்கள் குறைவு. எழுதிக் கொடுப்பவனுக்குக் கூலி தர வேண்டும். வழிச் செலவு வேண்டும். வயலை யார் பார்த்துக்கொள்வது? இத்தனையும் தாண்டி, திரும்பிப் போனதும் அதே தாசில்தாரின் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஆனாலும் வந்தார்கள். நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். எழுதி அனுப்பியவர்கள் 1,440 பேர். ஆக மொத்தம் 1,959 புகார்கள். பல புகார்களில் சம்பந்தப்பட்ட தொகை சில ரூபாய்கள். அந்தச் சில ரூபாய்க்காகப் பல நாள் நடந்து வந்தவர்களைப் பார்த்துக் கமிஷனர்களே அசந்து போனார்கள்.

குடியானவர்கள் மட்டும் சொல்லவில்லை. பாதிரிமார்கள் எழுதினார்கள். வியாபாரிகள் எழுதினார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் சிலரும், தாங்கள் கண்டதையும் கேட்டதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். இத்தனை காலம் ஏன் எழுதவில்லை? யாரும் கேட்கவில்லை!

அறிக்கை

1855 ஏப்ரல் மாதம் கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகச் சித்திரவதை மாகாணத்தில் பரவலாக நடந்து வந்தது உண்மை. போலீசும் செய்தது உண்மை. முன்னைவிடச் சமீப காலத்தில் குறைந்திருக்கிறது. அடிபட்டவன் நியாயம் பெறுவது மிகவும் கடினம். இதுதான் சாரம். கிட்டியும் அண்ணாந்தாளும் அதே பெயரோடு இங்கிலீஷ் எழுத்தில் அச்சேறின.

அறிக்கை லண்டன் போய்ப் பார்லிமெண்டு காகிதமாயிற்று. 1857-ல் வடநாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, இந்தியர்கள் கொடியவர்கள் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. அப்போது லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ், இந்தச் சென்னை விசாரணையை எடுத்து வைத்து அமெரிக்காவில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். சென்னை மாகாணத்துக் கிராமத்தில் ஒருவன் அலறிய அலறல் நியூயார்க் வரை கேட்டது!

அறிக்கையில் ஒரு குறை உண்டு. பழி முழுவதையும் நம் நாட்டுச் சேவகர்கள், தாசில்தார்கள் தலையில் போட்டுவிட்டது. வெள்ளைக்கார அதிகாரிகள் இதற்கு உடந்தை இல்லை என்றது. கிட்டியைப் பிடித்த கை சேவகனுடையதுதான். மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தனை வரியை விதித்த கை எது? வசூல் குறைந்தால் தாசில்தாரைக் கோபித்த கை எது? கமிஷன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

இருந்தாலும் பலன் இல்லாமல் போகவில்லை. 1859-ல் சென்னைக்குப் புதிய போலீஸ் சட்டம் வந்தது. போலீசைத் தாசில்தாரிடமிருந்து பிரித்தார்கள். போலீசுக்கென்று தனி மேலதிகாரிகள் வந்தார்கள். நிலங்களைப் புதிதாக அளந்து வரியை மறுபடி நிர்ணயிக்கும் வேலையும் அந்த ஆண்டுகளில் தொடங்கியது. அதற்குப் பிறகு எந்தக் குடியானவனும் அடிபடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கச்சேரித் திண்ணையில், பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்கக் கிட்டி போடும் தைரியம் போயிற்று.

கடைசிக் காலம்

அறிக்கை வந்த அதே 1855-ல் லட்சுமிநரசு அடுத்த மனுவுக்குப் போய்விட்டார். கம்பெனி ஆட்சியே வேண்டாம், இங்கிலாந்து அரசாங்கம் நேராகப் பொறுப்பேற்கட்டும் என்று கேட்ட மனு அது. சுமார் 14,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்தது. அதற்குக் காரணம் மனு அல்ல, 1857 கிளர்ச்சி. ஆனாலும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சென்னை கேட்டிருந்தது.

பிறகு சங்கம் மெல்ல ஓய்ந்தது. 1862-க்கு மேல் அதன் நடமாட்டம் இல்லை. அதே தெம்போடு சென்னையில் இன்னொரு சங்கம், சென்னை மகாஜன சபை, தோன்ற 1884 ஆயிற்று.

ஒரு காலத்தில் கெஜட்டில் விளம்பரம் போட மறுத்த சர்க்கார், 1863-ல் செட்டியாரைச் சட்டசபை மெம்பராக நியமித்தது. சென்னைச் சட்டசபையில் இருந்த இந்தியர்களை அப்போது விரல் விட்டு எண்ணுவதற்குக்கூட வேலை இல்லை. சர்க்கார் பட்டமும் கொடுத்தது.

பட்டம் வந்தது. பணம் போய்விட்டது. பத்திரிகை தின்றது கொஞ்சமல்ல. மனுக்களுக்கு எழுத்துக்கூலி, அச்சுக்கூலி, கப்பல் தபால், ஆட்களை ஊர் ஊராக அனுப்பும் செலவு, விருந்தாளிகளின் பிரயாணம் என்று தகப்பனார் சேர்த்ததும் தாம் சேர்த்ததும் கரைந்தன. இருபது ஆண்டுக்கு மேலாக அவர் ஊர்க் கணக்கைப் பார்த்தார். கடைக் கணக்கைப் பார்க்க நேரம் இல்லை.

1868-ல் லட்சுமிநரசு செட்டியார் காலமானார். நீல வியாபாரத்தில் பெரும் பணம் கண்ட அந்த வீட்டில் அப்போது ஏறக்குறைய ஒன்றும் மிச்சம் இல்லை.